சாமான் வண்டியில் ஏறும் முன்

பீரோவும் கட்டிலும் வீட்டுக்குள் இருக்கும்வரை நீங்கள் வாடிக்கையாளர். "சார், ரேட் பேசிக்கலாம் சார்" என்று நாளைக்கு நான்கு போன் வரும். அதே பீரோ வண்டியில் ஏறிப் பின்கதவுக்குப் பூட்டும் போட்டாகிவிட்டால், பேரம் பேசும் பலம் முழுக்க எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்களைப் பற்றி ஊரில் கேட்கும் புலம்பல்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். பேசியது ஒரு தொகை, பாதி வழியில் கேட்டது இன்னொரு தொகை, கொடுக்காவிட்டால் இறக்கமாட்டோம் என்றார்கள். ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகளில் முக்கால்வாசி, பூட்டுப் போடுவதற்கு முன் செய்யவேண்டியவை.

ஒரு கேள்வியை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பேக்கர்ஸ் தேவையா? அதே ஊரில், நான்கைந்து கிலோமீட்டருக்குள், ஒற்றைப் படுக்கையறை வீட்டை மாற்றுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. தெருமுனை ஸ்டாண்டில் நிற்கும் குட்டி யானைக்காரரிடமே பேசலாம். லோடுமேன்களையும் அவரே அழைத்து வருவார். பாத்திரங்களையும் துணிமணிகளையும் முந்தின இரவே நீங்கள் கட்டிவைத்துவிட்டால் இரண்டு நடையில் வேலை முடியும். டாடா ஏஸ் வண்டியில் ஏறுவது முக்கால் டன் அளவுதான், அதனால் இரண்டு நடை என்பதைப் பேசும்போதே சொல்லிவிடுங்கள். ஊர்விட்டு ஊர் போகிறவர்கள், கண்ணாடி வைத்த மரச்சாமான் அதிகம் உள்ளவர்கள், வயதான பெற்றோரைத் தவிர உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் ஆகியோருக்குத்தான் கம்பெனி வேண்டும். மேலே படிக்கவேண்டியவர்களும் அவர்களே.

போனில் வரும் விலை

இணையத்தில் ஏதாவது ஒரு தேடல் தளத்தில் உங்கள் எண்ணைப் பதிந்தால் அரை மணி நேரத்தில் பத்து பேராவது அழைப்பார்கள். உங்கள் எண்ணை அந்தத் தளம் அவர்களுக்கு விற்றிருக்கிறது என்று பொருள். அழைப்பவர்களில் சிலருக்குச் சொந்த வண்டி கிடையாது, ஆட்கள் கிடையாது, குடோனும் கிடையாது. கமிஷன் எடுத்துக்கொண்டு வேலையை வேறொருவரிடம் தள்ளிவிடும் தரகர்கள் இவர்கள். தரகர் என்பதாலேயே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேசியவர் ஒருவர், வருபவர் இன்னொருவர், இறக்குபவர் மூன்றாமவர் என்றானபின் உடைந்த கண்ணாடிக்கு யாரைக் கேட்பது?

தரகரையும் தொழில் செய்கிறவரையும் பிரித்துக் காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. "வீட்டை வந்து பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தரகர் "டூ பெட்ரூம்தானே சார், எனக்குத் தெரியாதா" என்பார். போனிலேயே ஒரு தொகையும் சொல்வார். அது மற்றவர்களைவிடக் கணிசமாகக் குறைவாகவும் இருக்கும். குறைவாக இருக்கவேண்டும், அப்போதுதானே நீங்கள் அட்வான்ஸ் போடுவீர்கள்.

தொழில் தெரிந்தவர் வந்தால் எப்படிப் பார்ப்பார் என்பதற்கு ஓர் உதாரணம். மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடி வீடு, கோவைக்கு மாற்றல். வந்தவர் ஹாலில் உட்காரவே இல்லை. சோபாவைப் பார்த்ததும், "இது உள்ள வரும்போது எப்படிம்மா வந்துச்சு, கால கழட்டினாங்களா?" என்று கேட்டார். சமையலறையில் கிரைண்டரின் குழவியைத் தனியாகக் கட்டவேண்டும் என்று குறித்துக்கொண்டார். பரணை அண்ணாந்து பார்த்து, "அந்த அட்டப் பெட்டியெல்லாம் கொலு பொம்மைங்களா? எத்தன படி வைப்பீங்க?" என்றார். ஏழு படி என்றதும், பொம்மைக்கு மட்டும் தனிப் பெட்டிகள் என்று தாளில் ஏறியது. பிறகு பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். குறுக்கே தொங்கும் கேபிள் வயர்களையும் முனைத் திருப்பத்தையும் பார்த்துவிட்டு, "பதினேழு அடி வண்டி உள்ள வராது. மெயின் ரோட்டுல நிப்பாட்டி, சின்ன வண்டியில கொண்டுபோய் மாத்தணும். அதுக்கான காசையும் இப்பவே சேர்த்துச் சொல்லிடுறேன்" என்றார். கடைசியாகக் கேட்டது கோவை வீட்டைப் பற்றி: எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, அதில் பிரிட்ஜ் நுழையுமா. அவர் சொன்ன விலை போனில் வந்த விலைகளைவிட அதிகம்தான். ஆனால் வழியில் ஏறாத விலை அது.

நேரில் வர முடியாத தூரமென்றால் வீடியோ அழைப்பில் காட்டலாம். காட்டும்போது எதையும் மறைக்காதீர்கள். பரண், பால்கனிச் செடிகள், மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் சைக்கிள், இன்வெர்ட்டர் பேட்டரி, பாட்டி விட்டுப்போன ஆட்டுக்கல் எல்லாவற்றையும் காட்டுங்கள். பின்னால் "இதெல்லாம் லிஸ்டுல இல்லையே" என்ற பேச்சு வருவது இவற்றால்தான். அந்தப் பேச்சில் சில சமயம் நியாயமும் இருக்கும்.

குறைந்தது மூன்று பேரை இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விலைகளும் ஓரளவு அருகருகே இருந்தால் சந்தை விலை அதுதான். ஒன்று மட்டும் பாதியாக இருந்தால் அதைத் தள்ளுங்கள்.

பெயரையும் எண்ணையும் பார்ப்பது

இந்தத் தொழிலில் பெயரை நம்ப முடியாது. நாடறிந்த ஒரு கம்பெனியின் பெயருக்கு முன்னால் 'நியூ', பின்னால் 'எக்ஸ்பிரஸ்' சேர்த்துப் பலகை மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். லோகோவின் நிறம்கூட ஒன்றாக இருக்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். பதினைந்து இலக்கம் கொண்டது அது. முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, கேரளத்துக்கு 32, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் உரிமையாளரின் பேன் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்து சி என்றால் பதிவு பெற்ற கம்பெனி, எஃப் என்றால் கூட்டு நிறுவனம், பேன் என்பதன் முதல் எழுத்தான பி என்றால் தனிநபர் நடத்துவது. "பிரைவேட் லிமிடெட்" என்று விசிட்டிங் கார்டில் போட்டிருப்பவரின் எண்ணில் அந்த பி இருந்தால் மேற்கொண்டு பேசவேண்டாம்.

அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் இந்த எண்ணை இட்டுத் தேடினால் சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா என்ற விவரம், முதன்மை அலுவலக முகவரி எல்லாம் வரும். இதற்குப் பணமோ கடவுச்சொல்லோ தேவையில்லை. "25 ஆண்டு அனுபவம்" என்று சொல்பவரின் பதிவு போன தீபாவளிக்குப் பின் வாங்கியதாக இருந்தால் நேரடியாகவே கேளுங்கள். முகவரி உங்கள் ஊரிலேயே இருந்தால் ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம். குடோன், நிற்கிற வண்டி, அட்டைப்பெட்டிக் கட்டு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு கண்ணில் படவேண்டும்.

'ஐ.பி.ஏ. அப்ரூவ்ட்' என்ற முத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.ஏ. என்பது இந்திய வங்கிகள் சங்கம். லாரி ரசீதின் பேரில் வங்கிகள் கடன் கொடுப்பதற்காகச் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களைப் பரிந்துரைக்கும் பட்டியல் அது. உங்கள் பீங்கான் தட்டை எப்படிக் கட்டுவார்கள் என்பதற்கு அது எந்த உத்தரவாதமும் தராது. மாற்றல் படி வாங்கும் வங்கி ஊழியர்களிடமும் பொதுத்துறை ஊழியர்களிடமும் அந்தப் பட்டியலில் உள்ள நிறுவனத்தின் பில்லை அலுவலகம் கேட்கலாம். அப்படியானால் பட்டியலைச் சங்கத்தின் தளத்திலேயே சரிபாருங்கள், முத்திரையை நம்பாதீர்கள். சாமானே ஏற்றாமல் பில் மட்டும் விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கினால் வேலைக்கே ஆபத்து.

விமர்சன நட்சத்திரங்களுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு வாங்கியவற்றைப் படியுங்கள். "டிவி உடைந்தது" என்பது யாருக்கும் நடக்கும். "இறக்க மறுத்தார்கள்", "போனை எடுக்கவில்லை" என்று இரண்டு பேர் எழுதியிருந்தாலே போதும், அடுத்த கம்பெனிக்குப் போய்விடலாம்.

தாளில் இருக்கவேண்டியவை

வாட்ஸ்அப்பில் வரும் "டோட்டல் 24 ஆயிரம் சார்" என்பதை மதிப்பீடாக எடுத்துக்கொள்ள முடியாது. கம்பெனியின் தலைப்புத்தாளில், ஜி.எஸ்.டி. எண்ணோடு, சாமான் பட்டியலை இணைத்து வாங்குங்கள். அதில் கட்டும் செலவு, ஏற்று கூலி, வண்டி வாடகை, இறக்கு கூலி, கட்டில் பீரோ மாட்டித்தரும் வேலை, ஏ.சி. கழற்றல், டோல், வரி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். லிஃப்ட் இல்லாத மாடிக்கு மாடிக்கூலி எவ்வளவு என்பதும் அதில் வரவேண்டும். இறக்குமிடத்தில் வெடிக்கும் சண்டைகளில் இதற்குத்தான் முதலிடம்.

வண்டி தனியா, பங்கா என்பது எழுத்தில் இருக்கவேண்டிய அடுத்த விஷயம். தனி வண்டியில் சென்னையில் மாலை ஏறினால் பெங்களூருக்கோ கோவைக்கோ மறுநாள் வந்துவிடும். பங்கு வண்டி மலிவு, ஆனால் மற்றவர் சாமான் சேரும்வரை உங்கள் சாமான் குடோனில் கிடக்கும், நடுவில் வண்டி மாறும், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு முறை ஏறி இறங்கும். பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கிறது, பிள்ளைகள் பாயில் படுத்துக்கொள்வார்கள் என்றால் பங்கு வண்டியை யோசிக்கலாம். அப்போதும் "இத்தனாம் தேதிக்குள் இறக்குவோம், தாமதமானால் நாளுக்கு இவ்வளவு கழிவு" என்ற வரியை எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுப்பவர் தேதியைக் காப்பாற்றமாட்டார்.

கட்டும் பொருளையும் குறிப்பிடச் சொல்லுங்கள். டிவிக்கும் கண்ணாடிக் கதவுக்கும் பபிள் ஷீட்டின் மேல் நெளி அட்டை, அதற்கு மேல் ஸ்ட்ரெச் ஃபிலிம் என்று மூன்று அடுக்கு வேண்டும். பளபளப்பான மரத்தில் ஃபிலிமை நேரடியாகச் சுற்றக்கூடாது. கொலு பொம்மைகளை மட்டும் உங்கள் கையாலேயே பழைய பருத்தி வேட்டியில் சுற்றிவிடுங்கள். எந்தக் கம்பெனி ஆளுக்கும் அந்தப் பொறுமை இராது.

வழியில் கேட்கப்படும் பொய்க் காசுகள் இரண்டைத் தெரிந்துகொள்வது நல்லது. "ஸ்டேட் பார்டர் என்ட்ரி டாக்ஸ்" என்பார்கள். ஜி.எஸ்.டி. வந்த 1 ஜூலை 2017 முதல் நுழைவு வரி கிடையாது. "இ-வே பில் போடணும், சாமான் மதிப்புக்கு இத்தனை சதவீதம்" என்பார்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கும் சொந்த உடைமைகளுக்கும் இ-வே பில்லிலிருந்து விதியிலேயே விலக்கு உண்டு. கேரளத்துக்குப் போகிறவர்கள் 'நோக்குகூலி' பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்கும் அந்த வழக்கத்தை 2018 மே 1 முதல் அம்மாநில அரசே ஒழித்துவிட்டது. கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை, போலீஸில் சொல்லலாம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் கொஞ்சம் பிடிவாதம் தேவை. அட்வான்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஏற்றியதும் தொண்ணூறு சதவீதம் கேட்பது இந்தத் தொழிலின் வழக்கம். டீசல், டோல், ஆள் கூலி என்று அவர்களுக்கும் செலவு இருப்பது உண்மைதான். ஆனாலும் மூன்றில் ஒரு பங்காவது, சாமான் இறங்கிக் கட்டில் மாட்டிய பிறகு என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிடி என்று மிச்சமிருப்பது அந்தத் தொகை மட்டும்தான். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் கம்பெனி பெயரா, எங்கோ இருக்கும் தனிநபர் பெயரா என்று பாருங்கள். தனிநபர் பெயரென்றால் நிறுத்திவிட்டுக் கம்பெனிக் கணக்கு எண் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் என்று சொல்லப்படுவது

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், அதுவும் ஏமாந்தது தெரியாமலே. மதிப்பீட்டில் 'எஃப்.ஓ.வி.' என்றோ 'டிரான்ஸிட் ரிஸ்க்' என்றோ ஒரு வரி இருக்கும். சாமான் மதிப்பில் ஒன்றரை முதல் மூன்று சதவீதம் வரை போட்டிருப்பார்கள். ஐந்து லட்சம் மதிப்பென்று சொன்னால் பதினைந்தாயிரம் வரை வரும். பெரும்பாலும் அந்தப் பணம் எந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போவதில்லை. உடைந்தால் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்ற வாய்ச்சொல்லின் விலை அது.

நிஜமான இன்சூரன்ஸ் என்றால் உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சான்றிதழ் வரவேண்டும். உங்கள் பெயர், பாலிசி எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். அதை ஏற்றும் நாளுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். அதில் எந்த வகை என்றும் பாருங்கள். உள்நாட்டுப் போக்குவரத்து பாலிசிகளில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. சி வகை தீ, இடி ஆகியவற்றுக்கு மட்டும். பி வகையில் வண்டி மோதினால், கவிழ்ந்தால், பாலம் இடிந்தால் என்பவை சேரும். ஏற்றும்போது ஆள் கை தவறிக் கண்ணாடி உடைவது போன்ற அன்றாடச் சேதத்துக்கு ஏ வகைதான் கைகொடுக்கும். வீடு மாற்றுகிறவருக்கு வேண்டியதும் அதுதான். எந்த வகையானாலும் நகை, ரொக்கம், பத்திரங்களுக்கு இழப்பீட்டை எதிர்பார்க்காதீர்கள். அவை உங்கள் கைப்பையில் வரட்டும்.

இன்சூரன்ஸ் எடுக்காவிட்டால் சட்டம் எவ்வளவு காப்பாற்றும்? சாலைவழிச் சரக்குப் போக்குவரத்தை ஆளும் சட்டம் 2007இல் வந்து 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளின்படி, கூடுதல் இடர்க் கட்டணம் பேசிக் கட்டாதவருக்கு இழப்பீடு அதிகபட்சம் வாடகையின் பத்து மடங்கு, அதுவும் நீங்கள் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாமல். வண்டி வாடகை 15,000 ரூபாய் என்றால் உச்சம் ஒன்றரை லட்சம். சாமான் மதிப்பு என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டாலோ, கம்பெனி ஆள் சொன்னபடி "பத்தாயிரம்" என்று போட்டாலோ அதுவே உங்கள் தலையில் விடியும். ரசீதின் மூலையில் பொடி எழுத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் அடித்துக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது வேறு கம்பெனி பாருங்கள்.

நாளும் வண்டியும்

மாதக் கடைசி, முகூர்த்த நாள், மே மாத விடுமுறை மூன்றிலும் விலை ஏறும், நல்ல ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகத் தயங்குபவர்கள் அதிகம் என்பதால் அப்போது பேரத்துக்கு இடமுண்டு. சம்பிரதாயம் உங்களுக்கு முக்கியமென்றால் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். வீட்டில் சண்டை போட்டு மிச்சம் பிடிக்கும் அளவுக்குப் பெரிய தொகை அல்ல. பெங்களூர், சென்னை அடுக்குமாடிச் சங்கங்கள் பலவற்றில் குடிவரக் கட்டணம், லிஃப்ட் பயன்படுத்தும் நேரம், ஞாயிறு தடை என்று விதிகள் உண்டு. அவற்றைக் கேட்டறிந்து கம்பெனிக்குச் சொல்வது உங்கள் வேலை.

வந்து நிற்கும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கவேண்டும். ரசீதில் எழுதிய எண்ணும் வண்டி எண்ணும் ஒன்றா என்று பார்த்து, பிளேட்டையும் டிரைவரின் போன் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் எல்லாச் சாமானுக்கும் நேரே 'ஓல்டு, ஸ்க்ராட்ச்' என்று சகட்டுமேனிக்கு எழுதுவார்கள். கீறல் இல்லாததற்கு எழுத விடாதீர்கள். கேஸ் சிலிண்டரை வண்டியில் ஏற்றாதீர்கள், ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்ததும் எல்.ஆர். என்னும் லாரி ரசீதின் பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும். அது வராமல் வண்டியை அனுப்பாதீர்கள்.

தகராறு வந்தால்

இறக்கும்போது பெட்டி எண்களைச் சரிபார்த்து, உடைந்தது, குறைவது எல்லாவற்றையும் டெலிவரித் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "போட்டுக் கொடுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்ற அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். கூடுதல் பணம் கேட்டு இறக்க மறுத்தால், மதிப்பீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு 112ஐ அழையுங்கள். நம்பி ஒப்படைத்த பொருளைச் சரக்குக் கொண்டுசெல்பவர் மோசடி செய்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதை டிரைவரிடம் கத்திப் பயனில்லை, அவருக்குக் கிடைப்பது தினக்கூலி. கம்பெனி முதலாளிக்குப் போனில் அமைதியாகச் சொல்லுங்கள்.

சேதத்துக்கு இழப்பீடு கேட்பதானால் கம்பெனிக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பவேண்டும். சாமானை ஒப்படைத்துப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அது போய்ச் சேரவேண்டும், தவறினால் வழக்கே நிற்காது. பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டப் புகாரை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி சென்னையில், நீங்கள் இப்போது கோவையில் என்றால் வழக்கு கோவையில் நடக்கும், வரவேண்டியது அவர்கள்தான்.